நிற்பவரும் நடப்பவரும்

காமிரா பொய் சொல்லாது என்பது நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றிவிட்ட நம்பிக்கைகளுள் ஒன்று. ஏட்டில் எழுதியதை ஐயுறுவோர் உண்டு. மேடையில் பேசியதை ஐயுறுவோர் உண்டு. படத்தில் கண்டதை ஐயுறுவோர் அரியர். "இதோ, படம் இருக்கிறதே!" என்று ஒருவர் எடுத்துக் காட்டிவிட்டால் வழக்கு அத்துடன் முடிந்தது. ஆராயாமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை எதுவாயினும் அதனை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தல் அறிவுடையார் கடன். ஆகலின் இந்நம்பிக்கையையும் அவ்வாறே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட பொருள் மிகச் சிறியது. கடற்கரையில் கதிரவன் மறையும் வேளையில், காமிராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கப்படும் ஒருவகைப் படமே அது. பொருள் சிறிதாயினும் அதனுள் ஒரு பெரிய அறக்கேள்வி அடங்கிக் கிடப்பதை நாமே பட்டறிந்தோம். பட்டறிந்ததையே ஈண்டு எழுதுகிறோம்.

அத்தகைய படத்தை அன்பர்கள் நாட்காட்டிகளிலும் உணவுக்கடைச் சுவர்களிலும் கண்டிருப்பார்கள். வானம் செம்பொன்னாய் உருகி நிற்கும். கடலோ கடல்போல் இராது. அலை இல்லை, நுரை இல்லை. பாலின்மேல் ஆடை படர்ந்தாற்போல, அல்லது மலையடிவாரத்தில் காலைப் பனி கிடப்பதுபோல, வெண்மையாய் அசைவற்றுக் கிடக்கும். அதனிடையே நான்கைந்து கரும்பாறைகள், ஒரு பழைய மரத்துறையின் கால்கள், இவைமட்டும் கத்தியால் வெட்டி வைத்தாற்போலத் துலங்கும். மனித நடமாட்டம் ஒன்றும் இராது. காண்பவர் ஒரு கணம் மூச்சடங்கி, "ஆ! என்ன அமைதி!" என்பர். அவ்வமைதி கடலில் இருந்ததா, காமிராவில் பிறந்ததா என்பதே நம் கேள்வியின் தொடக்கம்.

இப்படம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை முதலில் கூறிவிடுவோம். சாதாரணமாகப் படம் பிடிக்கையில் காமிராவின் கண் ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கோ, நூறில் ஒரு பங்கோ மட்டும் திறந்து மூடிக்கொள்கிறது. அந்த இமைப்பொழுதில் அலை எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே பதிகிறது. நாம் கூறும் முறையிலோ காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, அதன் முகத்தில் ஒரு கறுத்த கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். அக்கண்ணாடிகளுள் ஒருவகை, வரும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். எனவே வினாடியின் முப்பதில் ஒரு பங்கில் விழவேண்டிய ஒளி விழுந்து நிரம்புவதற்கு அரை நிமிடத்துக்கும் சற்று மேலாகிறது. அந்த அரை நிமிடத்தில் அலைகள் பலமுறை வந்து பலமுறை மீள்கின்றன. வந்ததும் மீண்டதும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் விழ, ஓர் அலையும் அலையாக நில்லாமல் வெண்பனியாகக் கலந்துவிடுகிறது. பாறை அசைவதில்லை, ஆகையால் அது துலக்கமாய் நிற்கிறது.

இனி, அந்த அரை நிமிடத்தில் ஒரு மனிதர் காமிராவின் முன்னே குறுக்காக நடந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் அவர் இருப்பது ஒரு வினாடியோ அரை வினாடியோதான். எஞ்சிய நேரமெல்லாம் அவ்விடத்தில் பின்னேயுள்ள வானத்தின் ஒளியும் நீரின் ஒளியும் விழுந்து விழுந்து, அவருடைய கரிய உருவைச் சுவடின்றிக் கழுவிவிடுகின்றன. அவர் அங்கே வந்தார். ஆனால் படத்தில் வரவில்லை. இம்முறையின் விதி முழுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நிற்பது நிலைக்கும், நடப்பது மறையும்.

ஜொகூரில் கதிரவன் கடலுள் மறைவதைக் காண விரும்புவோர் மெர்சிங்கிற்கோ டெசாருவிற்கோ சென்று பயனில்லை. அவை உதயம் காணும் கரைகள். மூவார், பத்து பகாட், பொந்தியான், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாய் என்று மலாக்கா நீரிணையை நோக்கிக் கிடக்கும் மேற்குக் கரையே அதற்கு ஏற்றது. அது வெண்மணற் கரையன்று. பெரும்பாலும் சேறும் சதுப்பும் கண்டல் மரங்களும் நிறைந்தது. உல்லாசத்திற்கு வருவோரைக் காட்டிலும் பிழைப்பிற்காக இறங்குவோர் கால்களே அச்சேற்றில் மிகுதியும் பதிகின்றன. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டு பாகை அளவிலேயே அக்கரை இருத்தலால், அங்கே கதிரவன் சாய்ந்து சாய்ந்து மெல்ல மறைவதில்லை. ஏறக்குறைய நேராகவே இறங்குகிறது. அதன் கீழ்விளிம்பு நீரைத் தொட்டது முதல் மேல்விளிம்பு மறைவது வரை இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரமே. அரை நிமிடப் படங்களாக எடுப்பவருக்கு ஒரு மாலையில் நான்கு படம் கிடைத்தால் மிகுதி. எனவே அவ்வேளையில் அவர் வேறெதனையும் கவனிப்பதில்லை. இதனை நம் குற்றத்திற்குச் சாக்காகக் கூறவில்லை. குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டவே கூறுகிறோம்.

நாம் ஜொகூரின் உட்பகுதியில் ஒரு தோட்டத்திலே கிராணி வேலை பார்ப்பவர். நம் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பால் வெட்டி வந்த கூலியிலே நம்மை ஆங்கிலம் படிக்க வைத்தவரும் அவரே. சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு காமிரா வாங்கினோம். ஓய்வு நாள் ஒன்றின் மாலையில், அவரையும் அழைத்துக்கொண்டு பத்து பகாட் நகருக்கு அருகேயுள்ள மின்யாக் பெக்கு என்னும் மீனவர் கரைக்குச் சென்றோம். பத்து பகாட் என்ற மலாய்ப் பெயருக்கு உளியாற் செதுக்கிய கல் என்பது பொருள். உளியின் வேலையை ஊர்ப்பெயர் இன்றளவும் நினைவில் வைத்திருக்கிறது. உளி பிடித்தவர் பெயரை அது சொல்லவில்லை. அன்று நமக்கு இது தோன்றவில்லை, பின்னரே தோன்றிற்று.

அன்று வானம் நன்றாக வாய்த்தது. முக்காலியை ஊன்றி, கறுத்த கண்ணாடியைப் பொருத்தி, ஒரு படத்தைத் தொடங்கினோம். அச்சமயம் தாயார், நாம் தண்ணீர்கூடக் குடியாமல் நிற்பதைக் கண்டு, காரிலிருந்த தேத்தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கியவாறு, நீரோரமாகக் காமிராவின் முன்பாகவே நடந்துவந்தார். சற்றுத் தொலைவில் மீனவர் சிலர் படகிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தனர். கதிரவன் மறைந்தபின் வானம் நீலமாய் இருண்டுவரும் வேளையில் மற்றொரு படம் எடுத்தோம். அப்போது மீனவர் ஒருவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தோளில் வலையுடன், பாறைகளினூடே குறுக்காக நடந்து சென்றார்.

வீடு வந்து பார்த்தபோது முதற்படம் நாம் கருதியதைக் காட்டிலும் அழகாக அமைந்திருந்தது. இரண்டாவது படமும் அழகியதே. ஆயின் அதிலொரு குறை. அம்மீனவருடைய உருவம் சிறிதும் விழவில்லை. அவர் நெற்றியிலிருந்த விளக்குமட்டும், அவர் நடந்த வழியெல்லாம், மேடுபள்ளத்திற்கேற்ப ஏறியும் இறங்கியும், ஒரு வெண்ணிறக் கோடாகப் பதிந்திருந்தது. ஒளி பிறர்மேல் பட்டு வருவதாயின் கழுவுண்டுபோகும்; தானே ஒளிர்வதாயின் நடந்த தடத்தை எழுதிச் செல்லும். அதுவும் இம்முறையின் இயல்பே. அக்கோடு படத்தின் அமைதியைக் கெடுப்பதாக நமக்குப் பட்டது. கணினியில் வைத்து அதனை அழித்தோம். ஐந்து நிமிட வேலை. பின்னர் இரண்டு படங்களையும் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

தாயார் முதற்படத்தை நெடுநேரம் பார்த்தார். "இது அன்றைக்குப் போன கடல்தானே, தம்பி? நான் உனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தேனே, இந்த வழியாகத்தானே வந்தேன்? என்னைக் காணோமே!" என்றார்.

"இந்த முறையில் எடுத்தால் நடக்கிறவர்கள் விழமாட்டார்கள், அம்மா. அசையாமல் நிற்பதுதான் விழும்" என்றோம்.

அவர் சிரித்தார். "நல்ல காமிராதான்! அப்படியென்றால் நம் தோட்டத்தை இதிலே எடுத்தால் மரமும் பங்களாவும்தான் விழும்" என்றார். பிறகு மற்றப் படத்தினருகே சென்று, "அந்த மீன்காரர் விளக்குக் கட்டிக்கொண்டு போனாரே, அந்த வெளிச்சமுமா விழவில்லை?" என்று கேட்டார்.

"விழுந்தது, அம்மா. கோடாக விழுந்து படத்தைக் கெடுத்தது. அழித்துவிட்டேன்."

தாயார் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "ஆள் வந்துபோனதற்கு அது ஒன்றுதானே அடையாளம்? அதையுமா அழிப்பாய்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. படித்தவர் வழக்கப்படி முதலில் நமக்காக வாதாடிப் பார்த்தோம். அவ்வாதங்களை அன்பர்கள் முன் வைக்கிறோம். நியாயம் எங்கே நிற்கிறதென்று அவர்களே காண்க.

முதல் வாதம் இது: காமிரா மட்டுமா மயக்குகிறது? நம் கண்ணும் மயக்குகிறதே! கதிரவன் கடல்விளிம்பைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் அதே சமயத்தில், உண்மையில் அது முழுவதும் விளிம்பிற்குக் கீழே இறங்கியாகிவிட்டது. காற்றுமண்டலம் அதன் ஒளியை வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. விளிம்பருகே அவ்வளைவின் அளவு, கதிரவனுடைய வட்டத்தின் அளவைவிடச் சற்றுக் கூடுதல். அஃதன்றி, அவ்வொளி கதிரவனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடங்களுக்கு மேலாகிறது. கதிரவன் மறையும் நேரமோவெனில் அதுவும் மனிதர் வகுத்ததே. 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்தள்ளியது. அதனால் ஆறேமுக்காலுக்கு மறைந்துவந்த கதிரவன் ஏழேகாலுக்கு மறையத் தொடங்கிற்று. கதிரவன் அதனை அறியாது. கண் காண்பதே இவ்வாறாயின், காமிரா காண்பதைமட்டும் பொய்யென்று தள்ளுவது எங்ஙனம்? அரை நிமிடக் கடலை நம் கண் ஒரேயடியாகக் காணமாட்டாது; காமிரா காண்கிறது. அதுவும் ஒரு மெய்யே அன்றோ?

இவ்வாதம் வலியுடையதே. நெடுநேரப் படம் பொய்யன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். அது ஒரு கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை பொய்யாவதில்லை. ஆயின் கூட்டுத்தொகையைப் பார்ப்பவர் அதனுள் என்னென்ன எண்கள் புகுந்தன என்பதை அறியமாட்டார். குற்றம் கூட்டியதில் இல்லை. கூட்டியபின் எண்கள் இருந்தனவே அல்ல என்று நினைப்பதில் இருக்கிறது.

ஒளிப்படக் கலையின் பிறப்பே இதற்குச் சான்று. பிரான்சு நாட்டில் நீயெப்ஸ் என்பார் 1826ஆம் ஆண்டிலோ 1827ஆம் ஆண்டிலோ தம் வீட்டுச் சன்னல் வழியாக எடுத்த படமே இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. ஒளி விழப் பல மணிநேரம் ஆனமையால், கதிரவன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட, எதிரெதிரான சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. எந்தக் கண்ணும் அக்காட்சியை ஒருபோதும் கண்டிராது. பின்னர் 1838இல் தாகர் என்பார் பாரிசு நகரின் தாம்பிள் பெருஞ்சாலையை ஒரு மாடியிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்து ஓடும் சாலை அது. ஒளி விழச் சில நிமிடங்கள் ஆயின. படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. குதிரை இல்லை, வண்டி இல்லை, கூட்டம் இல்லை. ஒரு மூலையில்மட்டும் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் தம் செருப்பைத் துடைத்துக்கொள்வதற்காகக் காலை நீட்டி நின்றவர். நின்றமையால் விழுந்தார். ஒளிப்படத்தில் விழுந்த முதல் மனிதர் அவரே என்று பலரும் கூறுவர். அவர் காலடியில் குனிந்து துடைத்தவருடைய உருவமோ அவ்வளவு தெளிவாயில்லை. கை ஓயாமல் அசைந்துகொண்டிருந்ததன்றோ! அந்நாள் பாரிசு நகரில் உழைப்புக்கு விரைந்தவர் அனைவரும் மறைந்தனர். உழைப்பைப் பெற்றுக்கொண்டு நிற்க நேரமிருந்தவர் நிலைத்தார். இதனைத் தாகர் வேண்டுமென்றே செய்யவில்லை. அவர் கருவி அவ்வளவிற்றே. ஆயினும் அப்படத்தைப் பார்த்து, அந்நாளில் அச்சாலையில் ஒருவரும் நடக்கவில்லை என்று ஒருவர் எழுதினால், அவரை நாம் என்னவென்று சொல்வோம்?

இரண்டாவது வாதம் கலையைப் பற்றியது. கலைஞன் உள்ளதை உள்ளவாறே காட்டக் கடமைப்பட்டவனா? கூட்டவும் குறைக்கவும் அவனுக்கு உரிமை இல்லையா? 1856, 1857ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரராகிய கஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, வானத்திற்கும் கடலுக்கும் ஒளியின் அளவு பெரிதும் வேறுபட்டமையால், சில படங்களில் வானத்தைத் தனியாகவும் கடலைத் தனியாகவும் எடுத்து இரண்டையும் ஒன்றாக இணைத்தார். அக்கடலின்மேல் அவ்வானம் அக்கணத்தில் இருந்ததன்று. ஆயினும் அப்படங்களை உலகம் இன்றும் போற்றுகிறது. அவ்வாறிருக்க, ஒரு விளக்குக் கோட்டை அழித்தது அத்தனை பெரிய பாவமா?

கலைஞனுக்கு உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. அழகு வேண்டாம் என்றும் கூறவில்லை. நாளெல்லாம் வெயிலில் உழைத்தவன் ஓர் அமைதியான கடலைச் சுவரில் மாட்டிப் பார்த்து ஆறுதல் கொள்வதில் என்ன தவறு? அவனுக்கே அது மிகுதியும் வேண்டும். ஆயின் உரிமை என்று சொல்லும்போதே, யாரைக் குறைக்கிறோம் என்ற கேள்வி உடன்வருகிறது. வானத்தைக் கூட்டியதால் ஒருவர்க்கும் கேடில்லை, மேகத்துக்கு மானமில்லை. மனிதனைக் குறைப்பது அவ்வாறன்று. இதே நெடுநேர முறையைக் கையாண்டு நேர்மாறான பயனை விளைத்தவரும் உண்டு. சோவியத் ஆட்சி 1991இல் குலைந்த காலத்தையொட்டி, ருஷ்ய நாட்டுப் பீட்டர்சுபர்க் நகரில் அலெக்சி தித்தாரென்கோ என்பவர் வறுமையில் அலைந்த மக்கட்கூட்டத்தை அம்முறையில் படம் பிடித்தார். சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் ஏறும் நூற்றுக்கணக்கானோர் புகைபோலக் கலங்கித் தோன்றுகின்றனர். கைப்பிடிக் கம்பியைப் பற்றிய சில கைகள்மட்டும் தெரிகின்றன. அங்கே மக்கள் மறைவதே படத்தின் பேச்சு. பார்ப்பவன், இவர்கள் யார், இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டே தீருவான். நம் படத்தைப் பார்ப்பவனோ ஒன்றும் கேட்கமாட்டான். அமைதி என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வான். கருவி ஒன்று, முறை ஒன்று. ஒருவர் படம் மறைந்தவரைத் தேடச் செய்கிறது. மற்றவர் படம் மறக்கச் செய்கிறது. எனவே குற்றம் கறுத்த கண்ணாடியில் இல்லை என்பது தெளிவு.

ஈண்டு இரண்டு அழிவுகளைப் பிரித்தறிய வேண்டும். நம் தாயார் முதற்படத்தில் மறைந்தது கருவியின் இயல்பு. அதற்கு நாம் பொறுப்பாளியல்லோம். "அவர் அங்கே நடந்தார்" என்று சொல்லாமல் விட்டதற்குமட்டும் பொறுப்பாளி. மீனவர் விளக்கின் கோடு மறைந்ததோ நம் கைவேலை. கருவி தன்னால் இயன்றவரை அவருக்குச் சாட்சி சொல்லிற்று. அச்சாட்சியை நாம் கலைத்தோம். அதனை நம் தாயார் பொறுக்கமாட்டாமைக்குக் காரணம் உண்டு. மரத்தில் பால் குளிர்ந்த வேளையிலேயே நன்றாகச் சுரக்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே விடியுமுன் இருட்டிலே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து அவர் இருபது ஆண்டுகள் பால் வெட்டினார். சிறுவயதில் நாம் லயத்து வாசலில் நின்று பார்த்ததுண்டு. தீம்பாரில் ஆள் ஒருவரும் தெரியார். விளக்குகள்மட்டும் மரங்களினூடே நின்று நின்று நகரும். அவற்றுள் எந்த விளக்கு நம் தாயாருடையது என்று தேடுவோம். அந்த நாம்தான், அந்த மீனவர் வீட்டுப் பிள்ளை தேடக்கூடிய விளக்கை, படத்தைக் கெடுக்கிறதென்று அழித்தவர்.

இவ்வெண்ணம் வந்தபின் நம் தொழிலையே வேறு கண்ணால் பார்க்க நேர்ந்தது. கிராணியின் செக்ரோலில் ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். இன்னார் இன்று பெரட்டுக்கு வந்தார், இன்னார் இத்தனை கிலோ கொணர்ந்தார் என்று அதில் எழுதுகிறோம். அவ்வளவில் செக்ரோல் நேர்மையான காமிரா. இமைப்பொழுதுப் படம்போல ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் பிடித்து வைக்கிறது. மாத முடிவில் கூட்டுகிறோம். ஆண்டு முடிவில் மீண்டும் கூட்டுகிறோம். அப்போது பெயர்கள் போய்விடுகின்றன. ஏக்கருக்கு இத்தனை, டன்னுக்கு இத்தனை என்ற எண்கள் நிற்கின்றன. காய்ச்சலோடு வந்தவரும், பிள்ளையை ஆயக்கொட்டகையில் அழவிட்டு வந்தவரும் ஒரே வெண்பனியாய்க் கலந்துவிடுகின்றனர். கூட்டாமல் கணக்கு இல்லை, அதனை அறிவோம். ஆயின் கூட்டியபின் செக்ரோலைக் கிழித்தெறிய நமக்கு யார் உரிமை தந்தார்?

வரலாறும் இவ்வாறு நெடுநேரம் கண்திறந்து எடுத்த படமே. அதில் நின்றவை விழுகின்றன: துரைமார் பங்களா, ஆலைப் புகைபோக்கி, ரயில்பாதை, பாலம். நடந்தவர், குறிப்பாக ஓரிடத்தில் நிலைத்து நிற்கவிடாமல் நடத்தப்பட்டவர், மறைகின்றனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பல்லாயிரவர் திரும்பவில்லை. அப்பாதைக்கருகே காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நேசநாட்டுப் போர்க்கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த நடுகல் உண்டு. அவர்கள் படைப் பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள்; அதனால் தேடப்பட்டார்கள். நம்மவர்க்கோ அத்தகைய வரிசையும் இல்லை, ஆளுக்கொரு பெயர்க்கல்லும் இல்லை. பாதை நின்றது, ஆகவே விழுந்தது; போட்டவர் நடந்து மறைந்தனர். வெள்ளை வீரனுக்குக் கல் நட்டதைக் குறை கூறவில்லை, அது செய்யத்தக்கதே. செய்யத்தக்கதொன்று ஒருசாரார்க்குச் செய்யப்பட்டபின், மற்றவர்க்கு இயலாமற் போயிற்று என்று சொல்லல் ஆகாது என்பதே நம் கருத்து.

இன்று நம் கண்முன்னும் அதுவே நிகழ்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. நம்மவர் பெரும்பாலும் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்ட இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வியர்வை சிந்துகின்றனர். நம் பாட்டன் பெயரை ஏட்டில் காணோமே என்று வருந்தும் நாம், நம்மருகே இன்று குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞன் பெயரைக் கேட்டறிந்திருக்கிறோமா? அவனை "வங்காளி" என்ற ஒரே சொல்லில் கூட்டி முடித்துவிடுகிறோமெனில், நாமும் அதே காமிராவைத்தான் கையில் பிடித்திருக்கிறோம். பிறர் நம்மை அழித்ததைக் குற்றம் என்பவர், தாம் பிறரை அழிப்பதை வழக்கம் என்று சொல்லலாகாது.

ஆகவே, நெடுநேரப் படம் எடுத்தலை விட்டுவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை, நாமும் விடவில்லை. அழகிய கூட்டுத்தொகையைக் கையில் வைத்திருப்பவர் அதில் கரைந்துபோனவரைப் பற்றிச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நாம் கூறுவது. கருவியால் மறைந்தவரை வாயால் சொல்லலாம். ஒரு வரியில் எழுதலாம். கருவியே சாட்சி சொன்ன இடத்தில் அச்சாட்சியைக் கலைக்காமலாவது இருக்கலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பெரும் கல்வியும் வேண்டியதில்லை. படத்தை மாட்டுமுன், "இங்கே யார் நடந்தார்?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். அமைதி கெட்டுவிடுமே என்று சிலர் அஞ்சுவர். ஆள் இல்லாததால் வரும் அமைதி சுடுகாட்டிலும் உண்டு. ஆட்கள் நடந்தும், அவர்கள் நடந்ததை அறிந்தும் நிலவும் அமைதியே மனிதர்க்குரியது.

அழித்ததற்கு முன்பிருந்த படம் கணினியில் அப்படியே இருந்தது. அதனை எடுத்து மீண்டும் அச்சிட்டு, பழையதை இறக்கிவிட்டு மாட்டினோம். இப்போது பாறைகளுக்கிடையே அந்த வெண்கோடு ஏறியும் இறங்கியும் போகிறது. ஓரிடத்தில் அவர் வலையைத் தோள்மாற்றிக்கொள்ள நின்றார் போலும், அங்கே ஒளி சற்றுத் திரண்டு ஒரு புள்ளியாய் நிற்கிறது. முதற்படத்தின் கீழே, "தேத்தண்ணீர் கொண்டு அம்மா நடந்த கரை" என்று தமிழில் எழுதி ஒட்டினோம். தாயார் அதனை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கோட்டுப் படத்தின் முன் நின்று, அப்புள்ளியை விரலால் தொட்டு, "இங்கே நின்றிருக்கிறார்" என்றார்.

வீட்டுக்கு வருவோர் அக்கோடு என்னவென்று இப்போது கேட்கிறார்கள். நாமும் சொல்கிறோம்.